பதினைந்து நாளில் வர வேண்டிய நோட்டீஸ்

பழைய பைக்கை விற்க விலை பேசி, முன்பணமும் வாங்கியாகிவிட்டது. பெயர் மாற்றத்துக்குப் போனால், மூன்று வருடத்துக்கு முந்தைய இரண்டு செலான்கள் குறுக்கே நிற்கின்றன. தமிழ்நாட்டில் இந்த அனுபவம் பலருக்கும் உண்டு. 'இத்தனை வருஷம் ஆச்சே, இது இன்னுமா செல்லும்?' என்று கேட்காதவர் இல்லை.

பெரும்பாலும் செல்லும்.

அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றங்களை ஆறு மாதத்துக்குள் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது சட்டம். பழைய குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 468-வது பிரிவில் இருந்த இந்தக் கெடு, 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டத்தின் 514-வது பிரிவிலும் தொடர்கிறது. இதை அரைகுறையாகக் கேள்விப்பட்டவர்கள், ஆறு மாதம் தள்ளிவிட்டால் தப்பித்துவிடலாம் என்று நம்புகிறார்கள். கெடு, வழக்கைத் தாக்கல் செய்வதற்கு மட்டுமே. உரிய காலத்தில் தாக்கலாகிவிட்டால், நீதிபதி அதைக் கையில் எடுக்க எத்தனை நாளானாலும் வழக்கு உயிரோடுதான் இருக்கும் என்பதை 2013-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதி செய்துவிட்டது. தாமதத்தை மன்னிக்கும் அதிகாரமும் நீதிமன்றத்துக்கு உண்டு.

தொகையும் சிறிதல்ல. 2022 அக்டோபரில் தமிழ்நாடு அபராதங்களை உயர்த்தியபோது ஹெல்மெட் அணியாததற்கு 100 ரூபாயாக இருந்தது 1,000 ஆனது. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000. குடித்துவிட்டு ஓட்டினால் 10,000. நாளெல்லாம் சாலையிலேயே பிழைக்கும் டெலிவரி ஊழியருக்கு நான்கைந்து செலான்கள் சேர்ந்தால் மாத பட்ஜெட்டே கவிழ்ந்துவிடும்.

விதியை மீறியவர் கட்டத்தான் வேண்டும். அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால், மீறியதை அவருக்கு எப்போது சொன்னோம் என்பதும் நியாயத்தில் சேர்ந்ததுதானே? கேமராவில் பதிவாகும் குற்றத்துக்கு 15 நாட்களுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்று 2021 ஆகஸ்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்ட 167ஏ விதி சொல்கிறது. நல்ல விதி. நடைமுறையில், எப்போதோ மாற்றிய பழைய செல்போன் எண்ணுக்கு ஒரு எஸ்.எம்.எஸ். போவதோடு பலருக்கு விஷயம் முடிந்துவிடுகிறது. சரியான எண்ணுக்கே வந்தாலும், போலி செலான் லிங்க் அனுப்பிப் பணம் பறிக்கும் கும்பல்களுக்குப் பயந்து அதைத் திறக்காமல் அழிப்பவர்கள் ஏராளம். பெயர் மாற்றாமல் வண்டியை விற்றவர் நிலை இன்னும் மோசம்: யாரோ சிக்னலைத் தாண்ட, செலான் இவர் பெயரில் விழும்.

உத்தரப் பிரதேசம் வேறு வழியில் போனது. 2017 முதல் 2021 வரை தேங்கிக் கிடந்த செலான்களை மொத்தமாக முடித்து வைத்தது. குடித்துவிட்டு ஓட்டிய வழக்குகளுக்கும், வரி தொடர்பானவற்றுக்கும் விலக்கு இல்லை. மற்றவர்களுக்குச் சுமை இறங்கியது. அதே காலத்தில் ஒழுங்காகக் கட்டியவர்களுக்கோ ஒரு ரூபாயும் திரும்பக் கிடைக்காது. சட்டத்தை மதித்தவரை ஏமாளியாக்கும் இந்தத் தள்ளுபடி தமிழ்நாட்டுக்கு வேண்டாம்.

இங்கே வேண்டியது வேறு. பதினைந்து நாட்களுக்குள், புகைப்படத்தோடு, நோட்டீஸ் உரியவரிடம் போய்ச் சேர்ந்ததற்கு ஆதாரம் இருக்க வேண்டும். ஆதாரம் இல்லாத செலானை, வண்டிக்காரர் நீதிமன்றப் படியேறாமலே காவல்துறை தானாக ரத்து செய்ய வேண்டும். எஃப்.சி., பெயர் மாற்றம் என்று வருபவரை ஆண்டுக்கணக்கான பாக்கியைச் சொல்லித் திருப்பி அனுப்பும் முன், அவர் மறுப்புத் தெரிவிக்க அதே அலுவலகத்தில் ஒரு வழி இருக்க வேண்டும். சாலைதோறும் கேமரா மாட்டப் பணம் ஒதுக்கும் அரசுக்கு, இதற்கு ஆகும் செலவு பெரிதல்ல.