பழைய பி.எம்.டபிள்யூ வாங்கப் போறீங்களா? முதல்ல பின்னாடி குனிஞ்சு பாருங்க!

ஒரு புது ஹேட்ச்பேக் வாங்குகிற பணத்துக்கு, பத்து வருஷம் ஓடிய பி.எம்.டபிள்யூ 3 சீரிஸ் கிடைக்கிறது. விளம்பரத்தைப் பார்த்தாலே கை துறுதுறுக்கும். நேரில் போகிறவர்கள் பானெட்டைத் திறந்து இன்ஜின் சத்தம் கேட்பார்கள், ஏசி போட்டுப் பார்ப்பார்கள், சன்ரூஃபை நாலு தடவை திறந்து மூடுவார்கள். பின்சக்கரங்களுக்கு நடுவே தொங்கும் டிஃபரன்ஷியலை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

நம் வீட்டு ஸ்விஃப்ட், ஐ20 எல்லாம் முன்சக்கரத்தால் ஓடுபவை. அவற்றில் டிஃபரன்ஷியல் கியர்பாக்ஸோடு சேர்ந்தே இருக்கும். 3 சீரிஸில் இன்ஜின் முன்னால், தள்ளும் சக்கரம் பின்னால். நீளமான ஷாஃப்ட் வழியாக வரும் சக்தியைத் திருப்பி இரண்டு பின்சக்கரங்களுக்கும் கொடுப்பது இந்தப் பெட்டிதான். வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டுமே, அதற்கு வழிவிடுவதும் இதே பெட்டிதான்.

ஒழுங்காக ஓட்டினால் இது சீக்கிரம் மக்கர் பண்ணாது. பிரச்னை, முந்தைய ஓனர் எப்படி ஓட்டினார் என்பதில்தான். ரீமேப் செய்து டார்க்கை ஏற்றியிருந்தால் பல்சக்கரங்களுக்குச் சுமை கூடும். காலி மைதானத்தில் டயரைப் புகைய விட்டு வட்டமடித்திருந்தால், ஒரு சக்கரம் மட்டும் வெறித்தனமாகச் சுற்றி, உள்ளே இருக்கும் சின்ன கியர்கள் ஆயில் போதாமல் தேயும். (அந்த வீடியோவுக்கு லைக் போட்டவர்களில் நாமும் இருக்கலாம்!)

இதைவிடப் பெரிய வில்லன் வெள்ளம். 2015 டிசம்பர், 2023 மிக்ஜாம் என்று சென்னை இரண்டு முறை மூழ்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். டிஃபரன்ஷியலில் காற்று வெளியேற ஒரு சின்ன துவாரம் உண்டு. ஓடிச் சூடான பெட்டி திடீரென்று தண்ணீரில் இறங்கினால், உள்ளே உள்ள காற்று சுருங்கும். அந்தத் துவாரம் வழியாகவும், பழைய சீல்கள் வழியாகவும் தண்ணீர் உள்ளே உறிஞ்சப்படும். பிறகு சீட், கார்பெட், வயரிங் எல்லாம் மாற்றி வண்டியைப் பளபளவென்று ஆக்கிவிடுவார்கள். டிஃபரன்ஷியல் ஆயிலை மட்டும் தொட மாட்டார்கள். காரணம், சாதாரண 3 சீரிஸில் அந்த ஆயில் ஆயுள் முழுவதும் போதும் என்று சர்வீஸ் அட்டவணையிலேயே விட்டுவிடுகிறார்கள். தண்ணீர் கலந்த ஆயிலில் பேரிங் துருப்பிடிக்கும். சத்தம் வர மாதக்கணக்கில் ஆகலாம். அதற்குள் வண்டி உங்கள் பெயருக்கு மாறியிருக்கும்.

இத்தனைக்கும் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒரு லிட்டர் ஆயில்தான். எம்3 மாதிரி எம் ரகக் கார்களுக்கோ, முதல் 2,000 கி.மீ. ஓடியதுமே இந்த ஆயிலை மாற்றச் சொல்கிறது கம்பெனி. எம் கார் பார்க்கப் போனால் அந்த பில்லைக் கேளுங்கள்.

டெஸ்ட் டிரைவில் பாட்டை அணையுங்கள். 60 முதல் 80 கி.மீ. வேகத்தில் ஆக்ஸிலேட்டரை அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்துங்கள். பின்னாலிருந்து வரும் 'ஊஊ' சத்தம் அதற்கேற்ப மாறினால் டிஃபரன்ஷியல் மேல் சந்தேகப்படலாம். வளைவில் திரும்பும்போது மாறினால் வீல் பேரிங், ரோடு மாறும்போது மாறினால் டயர். நின்ற இடத்தில் பிரேக்கை மிதித்தபடி 'ஆர்'-இலிருந்து 'டி'-க்கு மாற்றும்போது பின்னால் 'டொக்' என்று கேட்டால், மவுன்ட் புஷ் கிழிந்திருக்கலாம், உள்ளே கியர் இடைவெளி கூடியிருக்கலாம். டயர்களையும் பாருங்கள். பின்பக்கம் இடது வலது வேறு வேறு கம்பெனி, வேறு வேறு தேய்மானம் என்றால் நல்ல சகுனம் இல்லை.

அடுத்து, வண்டியை லிஃப்டில் ஏற்றுங்கள். ஷாஃப்ட் நுழையும் இடம், ஆக்ஸில் இரண்டும் வெளிவரும் இடம், இந்த மூன்றிலும் ஈரம் கூடாது. அடிப்பாகம் முழுக்க அழுக்காக இருந்து, டிஃபரன்ஷியல் மட்டும் துடைத்து வைத்தாற்போல் இருந்தால், ஏன் என்று கேளுங்கள். ஓனர் சம்மதித்தால் ஆயில் ஊற்றும் பிளக்கைத் திறந்து விரலால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கறுத்திருந்தால் பரவாயில்லை. பால் கலந்த காபி நிறமென்றால் தண்ணீர். விரலில் நறநறத்தால் இரும்புத்தூள்.

"போனா போகுது சார், ஸ்கிராப்ல ஒண்ணு வாங்கி மாட்டிக்கலாம்" என்பார் புரோக்கர். மாட்டலாம்தான். ஆனால், ஒரே மாடலிலேயே பெட்ரோலுக்கும் டீசலுக்கும் பல் விகிதம் வேறு. பெட்டியில் அந்த எண் இருக்கும். ஒத்துப்போகாததை மாட்டினால் ஆறாவது கியரில் போகும்போதும் இன்ஜின் கத்தும், இல்லையென்றால் மேம்பாலம் ஏற முக்கும்.