யாரைத் திட்டுகிறாள்?

சென்ற வாரம் ஒரு மெகா சீரியலில் மாமியாருக்கும் மருமகளுக்கும் சண்டை. புதுசில்லை. ஆனால் இரண்டு பேருமே திரையின் வலது பக்கம் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவரை ஒருவர் திட்டுகிறார்களா, இல்லை, ரெண்டு பேரும் சேர்ந்து ஃப்ரிட்ஜைத் திட்டுகிறார்களா, கடைசிவரை புரியவில்லை.

180 டிகிரி விதி என்று சினிமாவில் ஒன்று உண்டு. பேசும் இருவருக்கும் நடுவே ஒரு கற்பனைக் கோடு. கேமரா அந்தக் கோட்டுக்கு ஒரே பக்கத்தில்தான் நிற்க வேண்டும். அப்போதுதான் ஒருவர் வலது பார்த்தால் மற்றவர் இடது பார்ப்பார். தனித்தனி குளோசப்பில் வந்தாலும் எதிரெதிரே இருப்பதாக நம்புவோம். நிஜத்தில் இரண்டு குளோசப்புக்கும் நடுவில் லைட்டையெல்லாம் மாற்றி வைத்திருப்பார்கள். பல சமயம் எதிரே நடிகையே இருக்க மாட்டார். அசிஸ்டென்ட் டைரக்டர் தலையைச் சொறிந்துகொண்டே வசனம் படிப்பார். இந்தப் பொய்யைத் தாங்கிப் பிடிப்பது முக்கியமாகப் பார்வையின் திசைதான்.

இதைச் சொன்னால், 'ஓசு மீறலையா சார்?' என்கிறார்கள். மீறினார். 'டோக்கியோ ஸ்டோரி'யில் (1953) பேசுகிறவர்கள் ஏறக்குறைய லென்ஸையே பார்ப்பார்கள். கேமரா தாழ்வாக, பெரும்பாலும் அசையாமல் இருக்கும். படம் முழுக்க அதே முறை. ஒரு கோட்டை அழித்த மனுஷன் வேறொரு ஒழுங்கை வைத்துவிட்டு அழித்தார். 'தி ஷைனிங்'கில் (1980) சிவப்புக் கழிவறைக்குள் ஜாக் நிக்கல்சனும் அந்த வெயிட்டரும் பேசும்போது குப்ரிக் சட்டென்று எதிர்ப்பக்கம் வெட்டுவார். ஆட்கள் இடம் மாறிவிட, நமக்கு வயிற்றை என்னவோ செய்யும். கிலியூட்ட வேண்டிய இடம், செய்யட்டும்.

நம் சீரியலில் கோடு தாண்டியதற்குக் காரணம் கலை இல்லை, சோபா. அது சுவரோடு ஒட்டிக் கிடக்கிறது, நகர்த்த ஆளில்லை. தினம் எபிசோடு தரவேண்டிய அவசரம் புரிகிறது. ஆனால் அதே அவசரத்தில் மாமியார் முகத்துக்கு இடி மின்னலோடு மூன்று தடவை ஸூம் போக நேரம் இருக்கிறதே! பாவம், அந்த மருமகள் நன்றாகவே அழுதாள். அத்தனையும் ஃப்ரிட்ஜுக்குப் போயிற்று.

தாண்டியே ஆகணுமா, தாராளமாகத் தாண்டுங்கள். வெட்டாமல் நம் கண்ணெதிரே கேமராவை அந்தப் பக்கம் கொண்டு போங்கள். அல்லது நடுவே, கோட்டின் மேலேயே கேமராவை வைத்து ஒரு ஷாட். எதுவும் முடியாவிட்டால் மருமகளைக் காபி டம்ளரோடு எழுந்து நடக்க விடுங்கள். கோடும் அவள் பின்னாலேயே வந்துவிடும். சோபா அங்கேயே கிடக்கட்டும்.