சாயப்பட்டறையும் கீழ்மடை நிலமும்

நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் பாசனத்திற்கென்று 1992-ல் கட்டி முடித்த அணை, திருப்பூர்ச் சாயக்கழிவின் தேக்கமாய் முடிந்ததை அங்கத்தினர் அறிவர். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் அங்குள்ள சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரைச் சொட்டும் வெளிவிடாமல் சுத்திகரித்து மீண்டும் உபயோகிப்போர்க்கே பின்னர் அனுமதி கிட்டியது. நல்லதுதான். ஆனால் கழிவு நின்றதும் நிலம் தானே தேறிவிடும் என்று எண்ணுவது தவறு.

சாயம் நூலில் ஏற உப்பு வேண்டும். அவ்வுப்பின் சோடியம் களிமண்ணைப் பற்றி, மண்ணின் பொலபொலப்பைக் குலைக்கிறது. பெய்யும் மழையும் உள்ளிறங்குவதில்லை. ஜிப்சம் இட்டு, நல்ல நீர் கட்டி, உப்பை வடிகாலில் வெளியேற்றி, பின் தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால் மண் மெல்ல மீளும். பல போகம் பிடிக்கும். அதுவரை விளைச்சலும் குறைவே.

இச்செலவை விவசாயி மட்டும் ஏன் சுமக்க வேண்டும்? சாயத்துணியில் லாபம் கண்டவருக்குப் பங்கில்லையா? தறிக்காரரும் ஏர்க்காரரும் ஒருங்கே அமர்ந்துள்ள நம் சங்கத்தில் இக்கேள்வி எழாவிடில் வேறெங்கு எழும்? சாய நூல் விற்பனையில் கிலோவுக்குச் சிறு தொகை ஒதுக்கி, கீழ்மடை அங்கத்தினர்க்கு ஜிப்சமும் பசுந்தாள் விதையும், கடனாக அன்றி மானியமாகவே வழங்கும் தீர்மானம் அடுத்த மகாசபையில் வர வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.