ஸ்பைடர்மேன் 3: டான்ஸை விடுங்க, மணலைப் பாருங்க

ஸ்பைடர்மேன் 3 (2007) பேச்சு வந்தாலே எல்லாரும் பீட்டர் பார்க்கர் முடியை நெத்தியில இழுத்துவிட்டு ஆடற டான்ஸைத்தான் ஓட்டறாங்க. அட, அது சில நிமிஷக் கூத்துங்க. மன்னிக்க முடியாத விஷயம் வேற.

முதல் படம் (2002) எதுல நிக்குது? கண்ணெதிரே ஓடின திருடனை 'எனக்கென்ன'ன்னு பீட்டர் விட்டுடறான். அவனே பென் அங்கிளைச் சுட்டுடறான். பீட்டர் முகமூடி மாட்டறதே அந்தக் குற்ற உணர்ச்சியாலதான். மூணாவதுல வந்து, சுட்டது அவன் இல்லை, சேண்ட்மேனாம்! அதுவும் கைதவறியாம்! அப்போ ரெண்டு படமா பீட்டர் சுமந்த பாரம்?

வில்லன் வேற மூணு பேர். வெனம் மேல டைரக்டர் சாம் ரெய்மிக்கு ஆர்வமே இல்லை, தயாரிப்பாளர் அவி அராட் வற்புறுத்தினதால வந்தான். வந்த வேகத்துல செத்தும் போனான். சேண்ட்மேன் மணல்ல இருந்து வசனமே இல்லாம எழுந்து நிக்கற காட்சி மட்டும் ரெய்மி கைவண்ணம் (அதுக்காக இன்னொரு தடவை பார்ப்பேன்).

உலக வசூல் சுமார் 89 கோடி டாலர், ரெய்மியோட மூணு படத்துலயும் இதுதான் அதிகம். பி.காம் படிக்கறவனுக்கு லாபக் கணக்கு புரியாம இல்லை. ஆனா ஹாரியோட அப்பா தன் கிளைடராலயே செத்தார்னு முதல் படத்துலயே தெரிஞ்ச வேலைக்காரத் தாத்தா, மூணாவது படக் கடைசி வரை ஏன் வாயே திறக்கலை? இதை எந்தக் கணக்குல எழுதறது?

நாலாவது படமும் 2010ல கைவிடப்பட்டுச்சு. ரெய்மிக்கு இதைச் சரிபண்ண சான்ஸே கிடைக்கலை.