தூரத்துக் கணப்பு

வீட்டுக் கணப்பை இணையம் வழியே எங்கிருந்தோ இயக்குவது பற்றிப் பேச்செடுத்தால், சோம்பேறிகளின் விளையாட்டு என்று சிலர் ஒதுக்குகிறார்கள். அறிவியலின் பாய்ச்சல் என்று வேறு சிலர் மகிழ்கிறார்கள். எனக்கு அது பயனுள்ள கருவி என்றே தோன்றுகிறது. ஆனால் அந்தப் பயனுக்கு ஓர் எல்லை உண்டு. வீட்டில் ஆள் இல்லாதபோது அது வரம். ஆள் இருக்கும்போது இறுதிச் சொல் அந்த ஆளுடையதாக இருக்க வேண்டும்.

இதன் பூர்வகதையைக் கொஞ்சம் பார்க்கலாம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், வைட்வாட்டர் என்ற ஊரின் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வாரன் ஜான்சன் என்றொரு பேராசிரியர் இருந்தார். அங்கே குளிர்காலத்தில் பணியாள் ஒருவர் பாடம் நடக்கும்போதே வகுப்புகளுக்குள் நுழைந்து வெப்பமானியைப் பார்ப்பார். பிறகு நிலவறைக்கு இறங்கிப்போய் அனல்காற்றின் வழிகளைத் திறப்பார் அல்லது மூடுவார். ஜான்சன் 1883-இல் காப்புரிமை பெற்ற மின்கருவி, அறையின் குளிரை நிலவறையில் மணியடித்துச் சொன்னது. அதற்கு அவர் இட்ட பெயர் ‘எலெக்ட்ரிக் டெலி-தெர்மோஸ்கோப்’. ‘தொலை’ என்ற பொருள் அப்போதே பெயரில் இருந்தது. ஆனால் செய்தி போன திசையைக் கவனியுங்கள்: குளிரில் இருப்பவரிடமிருந்து அடுப்பை நோக்கி.

1953-இல் ஹனிவெல் நிறுவனம் ஹென்றி டிரேஃபஸ் வடிவமைத்த வட்டத் தெர்மோஸ்டாட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சுவரில் ஒரு வட்டம். குளிர்ந்தால் எழுந்துபோய்த் திருப்பலாம். அவ்வளவுதான். 2011-இல் நெஸ்ட்டும், 2013-இல் பிரிட்டனில் ஹைவும் வந்தபின் அந்தக் குமிழ் கைபேசிக்குள் குடிபுகுந்தது.

அதனால் விளைந்த நன்மை கற்பனையல்ல. தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ ஒன்பது சதவீதம் விரிகிறது. பூட்டிய வீட்டில் பாய்லர் நின்றுபோனால் குழாய் வெடிக்கும்; பனி இளகும் நாளில் வீடு வெள்ளக்காடாகும். இதற்கு அஞ்சியே பலர் வாரக்கணக்கில் காலி வீட்டைச் சூடாக்கிக்கொண்டிருந்தார்கள். இப்போது வெப்பநிலை சரிந்ததும் கைபேசிக்குத் தகவல் வருகிறது. சாவி வைத்திருக்கும் அண்டை வீட்டாரை அழைக்கலாம். நேரம் தவறிப் பணி முடியும் செவிலியருக்கும் இது உதவி. தினமும் ஒரே மணிக்கு வீடு திரும்புபவருக்கோ பழைய டைமரே போதும்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2016 ஜனவரியில் மென்பொருள் பிழையொன்றால் நெஸ்ட் கருவிகளின் பேட்டரி வடிந்து பல வீடுகள் குளிர்ந்துபோயின. அதே ஆண்டு நவம்பரில் பின்லாந்தின் லப்பீன்ரந்தா நகரில் இணையத் தாக்குதல் ஒன்று இரண்டு அடுக்குமாடிக் கட்டடங்களின் வெப்பமூட்டலை முடக்கியது. 2025 அக்டோபரில் முதல் இரு தலைமுறை நெஸ்ட் கருவிகளின் இணைய இணைப்பைக் கூகுள் நிறுத்திவிட்டது. கருவிகள் பழுதாகவில்லை, தொலைவிலிருந்து இயக்கும் வசதி மட்டும் போயிற்று. சுவரில் குமிழ் இருந்ததால் வீட்டார் தப்பினார்கள்.

இவற்றைவிட என்னை உறுத்துவது வேறொன்று. பிரிந்துபோன கணவர்கள் வெளியிலிருந்தபடியே தெர்மோஸ்டாட்டை மாற்றி மனைவியரை அலைக்கழித்ததை 2018-இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. அது கொடுமை என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் அன்பின் பெயராலும் இதுவே நடக்கலாம். தனியே வாழும் தாயின் வீட்டை, எரிவாயுக் கட்டணத்தை எண்ணி, வேறு நகரத்து மகன் இரண்டு டிகிரி இறக்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். திரையில் பதினெட்டு என்ற எண் அவனுக்குத் தெரியும். அவள் விரல்கள் விறைத்திருப்பது தெரியாது. ஜான்சன் காலத்து நிலவறைப் பணியாளாவது அறைக்குள் வந்து பார்த்தார்.

ஆகவே வாங்குபவர்கள் கடைக்காரரிடம் மூன்று கேள்விகள் கேட்கலாம். இணையம் அறுந்தால் கணப்பு எரியுமா? நிறுவனம் கைவிட்டாலும் கருவி இயங்குமா? வீட்டில் இருப்பவர் சுவரில் திருப்பியதைத் தொலைவில் இருப்பவர் மாற்ற முடியாதபடி பூட்ட இயலுமா? முதலிரண்டுக்கும் பெரும்பாலும் நல்ல பதில் கிடைத்துவிடும். மூன்றாவதை விடாமல் கேளுங்கள். பெற்றோர் வீட்டுக்கு வாங்கும்போது அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.