ஒரு வாரப் பூக்களும் நானூறு ஆண்டு மரமும்

குற்றாலத்தில் சாரல் விழா என்றால் ஐந்தருவி சுற்றுச்சூழல் பூங்காவில் மலர்க் கண்காட்சி என்பது வழக்கமாகிவிட்டது. கம்பிக் கூட்டின் மேல் கொய்மலர்களைச் செருகி உருவங்கள் செய்கிறார்கள். மக்கள் குடும்பம் குடும்பமாக வந்து செல்ஃபி எடுத்துக்கொள்கிறார்கள். விழா முடிந்ததும் வாடிய பூக்கள் குப்பைக்குப் போகின்றன. அடுத்த சீசன்வரை அந்தச் செலவுக்குச் சாட்சியாக அங்கே ஒரு தளிர்கூட மிஞ்சுவதில்லை. ஊட்டிக்குப் பொருந்துகிற ஒன்றை, அருவியும் பாறையும் வேரும் பின்னிக் கிடக்கும் ஊரில் கொண்டுவந்து ஒட்டவைக்கும் இந்தப் பழக்கத்தை எத்தனை நாள் பொறுத்துக்கொள்வது?

தோட்டக்கலைத் துறையிடம் நிலம் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, ஆள் இருக்கிறது. அதே பூங்காவில் ஜப்பானின் போன்சாய், சீனாவின் பென்ஜிங் என்ற தொட்டி மரக் கலைகளுக்கு நிரந்தரமான ஒரு கூடத்தை அமைத்து, அதை நடத்தும் பொறுப்பை உள்ளூர் ஆர்வலர் சங்கம் ஒன்றிடம் கொடுக்க வேண்டும். தென்காசி மாவட்டம் 2019 நவம்பரில் உருவானதிலிருந்து, அதற்கென்று ஓர் அடையாளத்தைத் தேடிக்கொண்டிருக்கிறோம். அது கண்ணெதிரே இருக்கிறது.

ஜப்பானின் ஓமியாவைப் பாருங்கள். 1923-இல் பெரும் நிலநடுக்கம் டோக்கியோவைப் புரட்டிப் போட்டது. அங்கே தலைமுறை தலைமுறையாகத் தொட்டி மரம் வளர்த்த தோட்டக்காரர்கள் நல்ல மண்ணும் நல்ல தண்ணீரும் சுத்தமான காற்றும் தேடி வடக்கே நகர்ந்தார்கள். 1925-இல் ஓமியாவில் குடியேறி, காட்டைத் திருத்தி ஒரு கிராமத்தை உருவாக்கினார்கள். வந்தவர்கள் வெறுமனே வீடு கட்டிக்கொள்ளவில்லை. தங்களுக்குள் நான்கு விதிகளை வகுத்துக்கொண்டார்கள். இங்கே குடியிருப்பவர் குறைந்தது 10 மரமாவது வளர்க்க வேண்டும். வாசல் கதவு யாருக்கும் திறந்தே இருக்க வேண்டும். மாடி வீடு கட்டக் கூடாது. மதில் எழுப்பாமல் உயிர்வேலிதான் போட வேண்டும்.

இந்த நான்கு விதிகளையும் நம் நகராட்சிகளின் விதிப் புத்தகங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாடி கூடாது என்றால் பக்கத்து வீட்டு மரத்துக்கு வெயில் கிடைக்கும். கதவு திறந்திருந்தால் வழிப்போக்கன் மாணவன் ஆவான். 10 மரம் கட்டாயம் என்றால் ஊரில் இருக்கும் ஒவ்வொருவரும் கையில் மண் ஒட்டியவராகவே இருப்பார். விளைவு என்ன? 1930-களில் சுமார் 30 தோட்டங்கள் அங்கே இருந்தன. போர் வந்து பலவற்றை அழித்தது. இருந்தும் 1989-இல் முதல் உலக போன்சாய் மாநாடு அங்கேதான் கூடியது. 2010-இல் நகராட்சியே போன்சாய்க்கென்று ஓர் அருங்காட்சியகம் திறந்தது. எஞ்சிய சில தோட்டங்களைக் காண இன்றும் உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் ரயில் ஏறிப் போகிறார்கள். மண்ணும் தண்ணீரும் காற்றும் ஓர் ஊரை உருவாக்கப் போதுமென்றால், ஆரியங்காவு கணவாய் வழியே வரும் தென்மேற்குக் காற்றில் மூன்று மாதம் நனையும் குற்றாலத்துக்கு ஓமியாவைவிட என்ன குறை?

அமைப்பை ஓமியாவிடம் கற்கலாம். கைவேலையைச் சீனாவின் தெற்கிலிருந்து கற்க வேண்டும் என்பேன். நம் ஊரில் போன்சாய் படிக்கத் தொடங்குபவர்கள் ஜப்பானியப் புத்தகத்தைத் திறந்து பைனையும் மேப்பிளையும் பார்த்து மயங்குகிறார்கள். குளிர்காலத்தில் உறங்க வேண்டிய அந்த மரங்கள் சமவெளி வெயிலில் இரண்டு கோடை தாண்டுவதே அரிது. தொட்டியோடு ஆசையும் காய்ந்துவிடுகிறது.

குவாங்சோவை மையமாகக் கொண்ட லிங்னான் மரபு வெக்கைப் பூமியில் பிறந்தது. அதில் கம்பிக்கு வேலை குறைவு. ஒரு கொப்பைத் தேவையான பருமன் வரும்வரை ஓடவிடுகிறார்கள். பிறகு அடியில் ஒட்ட நறுக்குகிறார்கள். அங்கிருந்து வெடிக்கும் அடுத்த துளிரை மறுபடி ஓடவிடுகிறார்கள்; மறுபடி நறுக்குகிறார்கள். ஒவ்வொரு நறுக்கிலும் கொப்பு திசை மாறி, மூட்டிலிருந்து நுனிக்குப் போகப் போகச் சன்னமாகிறது. குளிர்நாட்டில் பல ஆண்டு காத்திருக்க வேண்டிய இந்த வேலையை நம் இச்சியும் ஆலும் அரசும் விறுவிறுவென்று முடித்துக் கொடுக்கும். லிங்னான்காரர்கள் விரும்பி வளர்க்கும் மரங்களில் ஒன்று கார்மோனா. சின்ன வெள்ளைப் பூவும் சிவப்புப் பழமுமாகத் தமிழ்நாட்டுப் புதர்க்காடுகளில் யாரும் ஏறெடுத்துப் பார்க்காமல் நிற்கும் செடிதான் அது.

இன்னொன்றும் உண்டு. பென்ஜிங் தனி மரத்தோடு நிற்பதில்லை. பாறையும் நீரும் மரமும் சேர்ந்த முழு நிலக்காட்சியை ஒரு தட்டுக்குள் கொண்டுவருகிறது. 706-ஆம் ஆண்டைச் சேர்ந்த டாங் இளவரசர் ஒருவரின் கல்லறைச் சுவரோவியத்திலேயே தட்டில் அடங்கிய இத்தகைய காட்சியை ஏந்தி நிற்கும் பணியாளைக் காணலாம். செண்பகாதேவிக்கு ஏறும் வழியில் பாறையைக் கவ்விப் பிடித்து நிற்கும் வேர்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இந்தக் கலையின் இலக்கணத்தைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சாரலின் பங்கையும் சொல்ல வேண்டும். தொட்டியில் வளரும் ஆலுக்கு விழுது இறக்குவது வறண்ட ஊர்களில் பெரும்பாடு. பிளாஸ்டிக் கூடாரம் போட்டு ஈரத்தைப் பிடித்துவைப்பார்கள். குற்றாலத்தில் ஆனியும் ஆடியும் அந்த வேலையைத் தாமே செய்யும்.

மரத்துக்கு எங்கே போவது? கும்பாபிஷேகத் திருப்பணி என்றால் கோபுரத்திலும் மதிலிலும் முளைத்த ஆலையும் அரசையும் அகற்றுவது முதல் வேலைகளில் ஒன்று. கட்டடத்தைக் காக்க அது செய்தே ஆக வேண்டியது. அதில் குற்றம் இல்லை. ஆனால் அகற்றியதை என்ன செய்கிறோம்? வெட்டி, மருந்து ஊற்றிச் சாகடிக்கிறோம். அப்படி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சுண்ணாம்புக் காரைக்குள் ஓடிய வேர் பட்டையாகத் தட்டையாகி, செங்கல் இடுக்கின் அச்சை அப்படியே வாங்கியிருக்கும். பிடி மண்கூட இல்லாமல் வளர்ந்ததால் இலை சிறுத்து, கணு நெருங்கி, மூடு பருத்திருக்கும். போன்சாய்க்காரர் பல ஆண்டு பாடுபட்டு வரவழைக்கும் இலட்சணங்கள் எல்லாம் அதில் இலவசமாக இருக்கும். தலைக் கொப்புகளைக் குறைத்து, வேரை ஈரச் சாக்கில் சுற்றி, ஆற்று மணலும் செங்கல் பொடியும் கலந்த தொட்டியில் நிழலில் வைத்தால் பெரும்பாலும் துளிர்த்துவிடும். தென்காசி காசி விசுவநாதர் கோயில் முதல் மாவட்டத்தின் சிறு கோயில்கள்வரை, இடிபடும் பழைய வீடுகளிலும் அகலப்படுத்தும் சாலை ஓரங்களிலும், அழிந்துபோகும் இந்தச் செல்வத்துக்குக் கணக்கே இல்லை.

அதே மூச்சில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். காட்டிலிருந்து ஒரு வேர்கூட எடுக்கக் கூடாது. பிலிப்பைன்ஸ் கடற்கரைகளில் பான்டிகே மரங்களை போன்சாய்க்காகத் தோண்டித் தோண்டி, அரசு தடை போடும் நிலை வந்தது. மலையில் கைவைப்பவரைச் சங்கமே வனத்துறையிடம் ஒப்படைக்க வேண்டும்.

ஏன் சங்கம்? ஒரு நாள் பயிற்சி, மதியச் சாப்பாடு, சான்றிதழ், கையில் ஒரு குட்டிச் செடி என்று நகரங்களில் நடப்பது கல்வியே அல்ல, விற்பனை. மரம் ஒரு நாளில் எதையும் சொல்லித்தருவதில்லை. வேரை எவ்வளவு குறைத்தால் தாங்கும், கம்பியை எப்போது அவிழ்க்காவிட்டால் பட்டையில் தழும்பு விழும், பங்குனி வெயிலில் ஒரு வேளை தண்ணீர் தவறினால் எந்தக் கொப்பு முதலில் காயும் என்பதையெல்லாம், மாதாமாதம் அதே மரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து மூத்தவர் முன் வைப்பவர்தான் கற்கிறார். மும்பையில் இந்திய–ஜப்பானியச் சங்கத்தின் போன்சாய் படிப்புக் குழு அப்படித்தான் ஆட்களை உருவாக்கியது. மைசூரில் அவதூத தத்த பீடத்தின் கிஷ்கிந்தா மூலிகா போன்சாய்த் தோட்டம், ஒரு நிறுவனம் மனம் வைத்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சாட்சி. தென்காசிக்கு இவை இரண்டும் சேர்ந்த ஒன்று வேண்டும்.

எதிர்ப்புகள் எவை என்று தெரியும். மரத்தைச் சித்திரவதை செய்வது பாவம் என்பார்கள். வேலிக்குக் கிளுவையை நறுக்குபவரையும் மல்லிகையைக் கவாத்து செய்பவரையும் இவர்கள் ஒரு வார்த்தை கேட்டதுண்டா? பட்டினி போட்ட மரம் செத்துப்போகும். நானூறு ஆண்டு வாழாது. 1625 முதல் தொட்டியில் வளரும் யமாகி குடும்பத்துப் பைன், 1945-இல் ஹிரோஷிமா அணுகுண்டையும் தாண்டி, 1976-இல் அமெரிக்காவுக்கு அன்பளிப்பாகப் போய், வாஷிங்டனில் இன்றும் பச்சையாக நிற்கிறது. சித்திரவதைக்கு உள்ளான உயிரின் வரலாறா இது? வீட்டில் குட்டை மரம் வைத்தால் குடும்பம் வளராது என்று சொல்லும் வாஸ்துக்காரர்களுக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை. அந்நியக் கலை நமக்கெதற்கு என்பவர்கள் சீசனில் குற்றாலம் கடைத்தெருவில் நடந்து பார்க்கட்டும். மங்குஸ்தானும் ரம்புட்டானும் எந்த ஊர்? கிழக்கிந்தியக் கம்பெனி இருநூறு ஆண்டுகளுக்கு முன் இங்கே நட்ட கிராம்பும் ஜாதிக்காயும் எந்த ஊர்? இந்த மண் வெளியிலிருந்து வந்ததை வாங்கித் தன்னதாக்கிக்கொள்ளும் மண். பணக்காரர் பொழுதுபோக்கு என்ற பேச்சும் எடுபடாது. இடிந்த சுவரில் முளைத்த அரசுக்கு விலை கிடையாது.

தொட்டிக்கும் இறக்குமதி வேண்டாம். ஜப்பானில் தொட்டியை உயர்ந்த சூட்டில் சுடுவதற்கு ஒரு காரணம் உறைபனி; ஈரம் உறைந்தால் சாதாரண மண்தொட்டி வெடித்துவிடும். தென்காசியில் ஏது உறைபனி? தேன்பொத்தைக் குயவர்களிடம் அளவும் வடிகால் துளையும் சொன்னால் போதும். பானை விற்காத காலத்தில் அவர்களுக்கு ஒரு புதுச் சந்தை பிறக்கும்.

அரசிடம் கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2022-இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் பசுமைப் பரப்பை 23.7 சதவீதத்திலிருந்து பத்தே ஆண்டுகளில் 33 சதவீதமாக்கப் போவதாகச் சொல்கிறது. நடுவதற்கு விழா எடுக்கிறோம். நட்டதை மூன்றாம் ஆண்டு போய்ப் பார்க்கும் பழக்கத்தை யாரும் வளர்க்கவில்லை. நமக்குக் கன்றுப் பஞ்சம் இல்லை, கவனிப்புப் பஞ்சம்தான். ஒரே மரத்தைப் பத்து ஆண்டு தினம் பார்த்துத் தண்ணீர் ஊற்றிய கை தெருவில் நட்ட கன்றைச் சாகவிடாது. இந்தப் பயிற்சியை போன்சாய் தருவதுபோல வேறெந்தத் திட்டமும் தராது.

ஆகவே கோரிக்கைகள் தெளிவானவை. ஐந்தருவிப் பூங்காவில் ஒரு நிரந்தரக் கூடம். ஓமியா பாணியில், உறுப்பினர் ஒவ்வொருவரும் 10 மரம் வளர்க்க வேண்டும், சீசன் முழுவதும் தோட்டத்தைத் திறந்துவைக்க வேண்டும் என்ற விதிகளோடு ஒரு சங்கம். திருப்பணியில் அகற்றும் மரங்களை அந்தச் சங்கத்திடம் ஒப்படைக்க அறநிலையத் துறையின் ஓர் ஆணை. அடுத்த சாரல் விழாவின் மலர்ச் செலவில் பாதியை இதற்குத் திருப்பினாலே தொடங்கிவிடலாம். இதைச் செய்தால் இருபதே ஆண்டுகளில் தெற்காசியாவின் ஓமியா குற்றாலமாக இருக்கும். அருவி வற்றிய மாதங்களிலும் ஊருக்கு ஆள் வரும், குயவருக்கு வேலை வரும், மரத்தைப் பார்க்கத் தெரிந்த ஒரு தலைமுறை வரும். செய்யாவிட்டால் பூவாங்கும் செலவு மட்டும் ஆண்டுக்கு ஆண்டு வளரும்.