சொல்லத் தயங்கும் நெருக்கம்

ஆண்களுக்கிடையேயான உறவு என்றதும் பலர் நினைவில் எழுவது ஆசனவாய்ப் புணர்ச்சி ஒன்றே. மருத்துவர் வினாவும் பெரும்பாலும் 'ஆணுறை பயன்படுத்துகிறீர்களா?' என்பதோடு நின்றுவிடுகிறது. ஆனால் தழுவல், முத்தம், கைகளாலும் தொடைகளாலும் இன்பம் காணல் ஆகியவற்றோடு நிறைவடையும் ஆண்கள் பலர் உள்ளனர். அதனை அரைகுறை உறவென்று நாங்கள் கருதவில்லை.

எச்.ஐ.வி.யைப் பொறுத்தவரை இந்நெருக்கம் மிகப் பாதுகாப்பானது. உமிழ்நீராலோ வியர்வையாலோ, காயமற்ற தோலின்மேல் படும் விந்தாலோ அக்கிருமி பரவுவதில்லை. தொட்டதற்கே அஞ்சி உறக்கமிழப்போர்க்கு இதனை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். ஆயினும் சிபிலிஸ், ஹெர்பிஸ், மருக்களை உண்டாக்கும் எச்.பி.வி. ஆகியவை தோலோடு தோல் உராய்ந்தாலே தொற்றக்கூடும்; வாய்வழி உறவில் கொனோரியா தொண்டையில் அறிகுறியின்றித் தங்கும். சிபிலிஸ் புண்ணில் பெரும்பாலும் வலி இராது. சில வாரங்களில் தானே ஆறிவிடும். ஆறுவது புண்தான், நோயன்று. பென்சிலின் ஊசியால் எளிதில் குணமாகும் இந்நோயை, 'நாங்கள் அந்த அளவுக்குப் போகவில்லையே' என்று பரிசோதனையைத் தவிர்ப்போர் உடலில் வளரவிடுகின்றனர். மணமானவராயின் மனைவிக்கும் அது சென்று சேரலாம்.

நெருக்கம் புணர்ச்சியாக மாறும் நாளும் வரலாம். ஆணுறையுடன் தேங்காய் எண்ணெய் கூடாது. இரப்பர் நலிந்து கிழியும். நீர் கலந்த வழுக்குப்பசையே தகும். ஆணுறையின்றி நேர்ந்துவிட்டால் 72 மணி நேரத்திற்குள் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தைத் தொடங்கவேண்டும். எவ்வளவு விரைவோ அவ்வளவு நன்று.

பெரம்பலூர், அரியலூர் போன்ற ஊர்களில் அறியாமையைவிட, சீட்டு வாங்கும் வரிசையில் உறவினர் எவரேனும் நிற்பாரோ என்ற அச்சமே பெரிது. திருச்சிக்குச் சென்று பார்த்துக்கொள்ளலாம் என்று நாள் கடத்துகின்றனர். வயதுவந்தோர் மனமொத்துத் தனிமையில் கொள்ளும் உறவு குற்றமன்று என்று 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நான்கே நாள்களில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், ஒப்புதலின்றிப் பரிசோதிப்பதையும் முடிவைப் பிறரிடம் வெளியிடுவதையும் பொதுவாகத் தடைசெய்கிறது. அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் பரிசோதனை இலவசம். 1097 என்ற எண்ணிலும் கட்டணமின்றிப் பேசலாம்.

குடும்பத்தினர்க்கும் ஒரு சொல். மகனின் இயல்பை 'மாற்ற' மருந்து கேட்டு வருவோர் உண்டு. அத்தகைய மருந்து எதுவும் இல்லை. அவ்வாறு மாற்ற முயலும் சிகிச்சையைத் தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் மருத்துவ ஒழுக்கக்கேடு என அறிவித்துவிட்டது. அவர் மருத்துவரிடம் தனியே பேசும்படி, பத்து நிமிடம் வெளியே அமர்ந்திருங்கள்.